தீர்ப்பும் திருத்தமும்: நீதிமன்றங்கள் நம் அரசியல் சட்டத்தை வளர்த்த வரலாறு

நீதிமன்றம் என்றதும் நம் மக்களில் பலருக்கு வாய்தாவும், வக்கீல் கட்டணமும், சாட்சிக் கூண்டுமே நினைவுக்கு வருகின்றன. நிலத் தகராற்றுக்கும் அடிதடி வழக்குக்கும் படியேறும் இடமாகவே அதனை நாம் அறிந்திருக்கிறோம். ஆயின், நம் பிள்ளை ஒருவன் மருத்துவக் கல்லூரியில் இடம் பெறுவதும், நம் பெண் ஒருத்தி அரசு அலுவலகத்தில் பதவி உயர்வு பெறுவதும், சாதியைச் சொல்லி இழிவு செய்தவன் முன் ஜாமீன் கிடைக்காமல் சிறை புகுவதும் எந்தச் சட்டங்களால் நடைபெறுகின்றனவோ, அந்தச் சட்டங்கள் செல்லுமா, செல்லாவா என்று முடிவு கூறும் இடமும் நீதிமன்றமே. ஆதலின் அதன் வரலாறு வக்கீல்கள் மட்டும் அறிய வேண்டிய செய்தியன்று. நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் இளைஞர்கள் அறிந்து கொள்ளும் பொருட்டு அவ்வரலாற்றின் சில பக்கங்களை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

அதிகாரம் எங்கிருந்து வந்தது?

அரசு இயற்றும் சட்டத்தை ஆராய்ந்து, அது அரசியல் சட்டத்திற்கு முரணானதாயின் செல்லாது என அறிவிக்கும் அதிகாரத்தை நீதிப் புனராய்வு என்பர். அமெரிக்க அரசியல் சட்டத்தில் இவ்வதிகாரம் வெளிப்படையாக எழுதப்படவில்லை. 1803-ஆம் ஆண்டில் மார்பரி என்பவர் தொடுத்த வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் வழங்கிய தீர்ப்பின் வாயிலாகவே அது அங்கே வேரூன்றியது. நம் நாட்டிலோ அரசியல் சட்டமே அதனை எழுதி வைத்துள்ளது. அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் அம்முரண்பாட்டின் அளவிற்குச் செல்லாது என்கிறது 13-ஆவது பிரிவு. உரிமை பறிக்கப்பட்டவர் உச்ச நீதிமன்றத்தை நேரே அணுகலாம் என்கிறது 32-ஆவது பிரிவு. உயர் நீதிமன்றங்களுக்கு அத்தகைய அதிகாரத்தை 226-ஆவது பிரிவு தருகிறது. உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது 141-ஆவது பிரிவு.

இவற்றுள் 32-ஆவது பிரிவையே அரசியல் சட்டத்தின் உயிர் என்றும் இதயம் என்றும் 1948 டிசம்பர் 9-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் போற்றினார். உரிமையைக் கேட்டுப் பெறும் வழி இல்லையேல் உரிமை வெறும் எழுத்தாகவே நின்றுவிடும் என்பதைப் பொதுக் குளத்தில் நீர் பருகும் உரிமைக்காக மகாத்தில் போராடிய அப்பெருமகன் நன்கறிந்திருந்தார்.

எனினும் ஓர் உண்மையை நாம் தொடக்கத்திலேயே மனத்திற் கொள்ளல் வேண்டும். சட்டத்தின் சொற்கள் மாறாதிருக்க, அவற்றிற்கு நீதிபதிகள் காணும் பொருள் மாறுவதுண்டு. அமெரிக்காவில் கறுப்பின மக்களைத் தனியே பிரித்து வைப்பது சமத்துவத்திற்கு முரணன்று என 1896-இல் தீர்ப்பளித்த அதே உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் அவ்வாறு பிரிப்பது சமத்துவத்திற்கு முரண் என 1954-இல் தீர்ப்பளித்தது. இடையில் அவ்வரசியல் சட்டத்தின் சமத்துவப் பிரிவு ஓர் எழுத்தும் மாறவில்லை; மாறியவை காலமும் மனிதரும் அம்மக்களின் போராட்டமுமே.

சென்னையில் பிறந்த வழக்கு

குடியரசு பிறந்த சில மாதங்களிலேயே அரசியல் சட்டத்தை உரைத்துப் பார்த்த பெருவழக்கு ஒன்று நம் சென்னையிலிருந்து எழுந்தது. அதன் வேர் நீதிக் கட்சி ஆட்சிக் காலம் வரை செல்கிறது. 1921-இல் தொடங்கி, 1928-இல் அமைச்சர் எஸ். முத்தையா முதலியாரின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி உரிமை ஆணை, கம்யூனல் ஜி.ஓ. என்ற பெயரால் வழங்கிற்று. அதன்படி 12 பதவிகளில் தாழ்த்தப்பட்டோருக்கு 1 இடமே ஒதுக்கப்பட்டது. 1947-இல் அது திருத்தப்பட்டு 14 இடங்கள் எனக் கணக்கிடப்பட்டபோது, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, பிராமணருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறித்தவருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1 என இடங்கள் பகிரப்பட்டன. கல்லூரிச் சேர்க்கையும் இம்முறையிலேயே நடைபெற்றது.

இதனை எதிர்த்து 1950-இல் செண்பகம் துரைராசன் என்னும் அம்மையாரும், கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இடம் வேண்டிய சீனிவாசன் என்பவரும் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்தனர். அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திருக்கவில்லை. விண்ணப்பித்தாலும் இடம் கிடைக்காது என விசாரித்து அறிந்ததாகவே தம் மனுவில் கூறியிருந்தார். 1950 ஜூலை 27-இல் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு ஆணையைச் செல்லாததாக்கியது. 1951 ஏப்ரல் 9-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் அதனை ஒருமனதாக உறுதி செய்தனர்.

நலிந்த பிரிவினரின், சிறப்பாகத் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினரின் கல்வி நலனை அரசு பேண வேண்டும் என்னும் 46-ஆவது பிரிவை மாகாண அரசு காட்டிற்று. அது வழிகாட்டும் கோட்பாடே. அடிப்படை உரிமைக்குக் கீழ்ப்பட்டே அது நிற்க வேண்டும் என நீதிமன்றம் கூறிவிட்டது. அரசுப் பணியில் இட ஒதுக்கீட்டிற்கு 16(4) இடம் தந்திருக்க, கல்விக் கூடச் சேர்க்கை பற்றிய 29-ஆவது பிரிவில் அத்தகைய விதிவிலக்கு இல்லையே என்றும் சுட்டிக் காட்டிற்று.

அதே நாளில் வேறொரு வழக்கிலும் தீர்ப்பு வந்தது. அது 83 மாவட்ட முன்சீப் பதவிகளைப் பற்றியது. அவற்றுள் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டவை 19. பிற வகுப்புகளுக்கான பங்கீட்டைத் தள்ளிய நீதிமன்றம், தாழ்த்தப்பட்டோருக்கும் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கும் உரிய ஒதுக்கீட்டை 16(4)-இன் துணையால் ஏற்றது. ஒரே நாளில், ஒரே நீதிமன்றத்தில், முன்சீப் ஆகும் உரிமை நமக்கு நிலைத்தது. முன்சீப் ஆவதற்குப் படிக்க வேண்டிய கல்லூரியில் இருந்த ஒதுக்கீடோ நீங்கியது. இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு அரசியல் சட்டத்தில் ஓர் உட்பிரிவு இருந்ததும் இல்லாததுமே. சட்டத்தின் ஒரு வரி எத்தனை வாழ்வுகளை ஆளுகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

70 நாள்களில் வந்த விடை

உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது முதலே தமிழகம் கொதித்தெழுந்தது. தந்தை பெரியாரின் திராவிடர் கழகமும், திராவிட முன்னேற்றக் கழகமும் கிளர்ச்சி நடத்தின. தில்லியில் சட்ட அமைச்சராக விளங்கிய அண்ணல் அம்பேத்கர், நாடாளுமன்றத்தில் அத்தீர்ப்பு தமக்கு நிறைவளிக்கவில்லை என வெளிப்படையாகக் கூறினார். 1951 ஜூன் 18-இல் முதலாவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. சமூகத்திலும் கல்வியிலும் பிற்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோரின் முன்னேற்றத்திற்குத் தனி ஏற்பாடுகள் செய்யலாம் எனக் கூறும் 15(4) பிறந்தது. தீர்ப்பிற்கும் திருத்தத்திற்கும் இடைப்பட்ட காலம் 70 நாள்களே.

இன்று நம் மாணவர் கல்லூரியில் பெறும் இட ஒதுக்கீட்டின் ஆணிவேர் இந்த 15(4) ஆகும். ஒரு தீர்ப்பால் விளைந்த இழப்பே அதனினும் வலிய உரிமைக்கு வழிகோலியது. நீதிமன்றத்தின் சொல் பெரிது. ஆயினும் மக்கள் எழுந்து, நாடாளுமன்றம் இசைந்தால், அதற்கு விடையிறுக்க இயலும் என்னும் பாடத்தை 1951 நமக்குக் கற்பித்தது.

அளவுகோலும் மறுப்புரையும்

அடுத்து எழுந்த வினா, எவ்வளவு ஒதுக்கலாம் என்பது. மைசூர் அரசு 1962-இல் தொழிற்கல்லூரிகளில் 68 விழுக்காடு இடங்களை ஒதுக்கியது. பாலாஜி என்பவர் தொடுத்த வழக்கில் அவ்வாணை அதே ஆண்டில் வீழ்ந்தது. ஒதுக்கீடு பொதுவாக 50 விழுக்காட்டிற்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதினார். அரசியல் சட்டத்தில் எங்கும் காணப்படாத இந்த எண்ணை நீதிமன்றமே வகுத்தது. நீதிமன்றம் சட்டத்திற்குப் பொருள் உரைப்பதோடு, சட்டத்தையே உருவாக்கவும் செய்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

1963-இல் தேவதாசன் வழக்கு வந்தது. நிரப்பப்படாத ஒதுக்கீட்டு இடங்களை அடுத்த ஆண்டிற்குக் கொண்டு செல்லும் விதியால், 45 பதவிகளில் 29 ஒதுக்கப்பட்டன. நீதிமன்றம் அவ்விதியைத் தள்ளியது. ஆனால் நீதிபதி சுப்பாராவ் தனித்து நின்று மறுப்புரை எழுதினார். பந்தயக் குதிரையையும் சாதாரணக் குதிரையையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொல்வது சமவாய்ப்பு ஆகாது என்பது அவர் கருத்து. 16(4) சமத்துவத்திற்கு விலக்கு அன்று, சமத்துவத்தின் கூறே என அவர் வாதிட்டார். அன்று அது தோற்றவரின் குரல்.

12 ஆண்டுகள் சென்றன. கேரள அரசு, தாழ்த்தப்பட்ட, பழங்குடி எழுத்தர்கள் துறைத் தேர்வில் தேறுவதற்குக் கூடுதல் காலம் கொடுத்தது. 51 மேல்நிலை எழுத்தர் பதவிகளில் 34 அவர்களுக்குக் கிடைக்கவே, தாமஸ் என்னும் எழுத்தர் வழக்குத் தொடுத்தார். 1975-இல் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் அரசின் விதியை ஏற்றது. சமமற்றோரைச் சமமாக நடத்துவது சமத்துவம் ஆகாது என்னும் கருத்து அங்கே நிலைபெற்றது. சுப்பாராவின் தனிக்குரல் சட்டமாக மலர்ந்தது. எனவே இளைஞர்கள் தீர்ப்புகளைப் பயிலும்போது மறுப்புரைகளையும் விடாது பயிலல் வேண்டும். நாளைய சட்டம் பல வேளைகளில் அங்கேதான் உறங்கிக் கிடக்கிறது.

அடிப்படைக் கட்டமைப்பு

நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தை எவ்வாறு வேண்டுமானாலும் திருத்தலாமா? கேரளத்து மடாதிபதி கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கில், 13 நீதிபதிகள் அமர்ந்து, 1973 ஏப்ரல் 24-இல் எழுவருக்கு அறுவர் என்ற நூலிழைப் பெரும்பான்மையில் விடை கூறினர். திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கலாகாது என்பதே அவ்விடை.

நமக்கு இதனால் ஆவதென்ன எனச் சிலர் கேட்கலாம். ஒரு காலத்துப் பெரும்பான்மை நினைத்த மாத்திரத்தில் சமத்துவத்தையும் குடியாட்சியையும் துடைத்தெறிய இயலாது என்பதே ஆவது. எண்ணிக்கையிற் குறைந்த மக்களுக்கு இதனினும் பெரிய காப்பு வேறில்லை. எனினும் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், விசாரணையின்றி அடைக்கப்பட்டோர் ஆட்கொணர் மனுச் செய்ய இயலாது எனக் கூறி அதே உச்ச நீதிமன்றம் தளர்ந்ததும் வரலாறே. நீதிபதி கன்னா ஒருவரே அன்று மறுத்துரைத்தார். அத்தீர்ப்பு தவறு என 2017-இல் நீதிமன்றமே அறிவித்தது.

மற்றொன்றையும் நாம் மறக்கலாகாது. அடிப்படைக் கட்டமைப்பை உலகறியச் செய்த அதே 1973-ஆம் ஆண்டில்தான், 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்ட வழக்கில், கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற மிராசுதாரரைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அரசியல் சட்டத்தின் உயர்ந்த கொள்கைகள் தில்லியில் வளர்ந்து கொண்டிருந்தபோது, சேரியின் சாம்பலுக்கு நீதி கிட்டவில்லை. நீதிமன்றத்தைப் போற்றும்போது இதனையும் சேர்த்தே நாம் எடைபோடல் வேண்டும்.

மண்டல் வழக்கும் பின்வந்த திருத்தங்களும்

பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய அரசுப் பணிகளில் 27 விழுக்காடு அளிக்கும் ஆணையை, ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 1992 நவம்பர் 16-இல் ஏற்றது. இந்திரா சாஹ்னி வழக்கு எனப்படும் அத்தீர்ப்பே 50 விழுக்காட்டு வரம்பை உறுதிப்படுத்தியது. ஆனால் பதவி உயர்வில் ஒதுக்கீடு கூடாது எனக் கூறி, நடைமுறையில் இருந்ததை ஐந்தாண்டுகள் மட்டும் தொடரவிட்டது. நம் அரசு ஊழியர்களுக்கு இது பேரிடியாயிற்று.

மீண்டும் நாடாளுமன்றம் விடையிறுத்தது. 1995-இல் 77-ஆவது திருத்தம், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் பதவி உயர்வில் ஒதுக்கீட்டை மீட்டது. 2000-இல் 81-ஆவது திருத்தம், நிரப்பப்படாத பழைய இடங்களை 50 விழுக்காட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றது. 2001-இல் 85-ஆவது திருத்தம், அவ்வாறு உயர்வு பெற்றோருக்குப் பணிமூப்பையும் அளித்தது. 2006-இல் நாகராஜ் வழக்கில் நீதிமன்றம் இத்திருத்தங்களை ஏற்றதாயினும், பிற்பட்ட நிலைக்கும் போதிய பிரதிநிதித்துவம் இன்மைக்கும் அரசு புள்ளிவிவரம் காட்ட வேண்டும் என நிபந்தனை விதித்தது. தாழ்த்தப்பட்டோர் பிற்பட்டோர்தாம் என்பதற்குப் புள்ளிவிவரம் வேண்டியதில்லை என 2018-இல் ஐவர் அமர்வு தெளிவுபடுத்தியது. ஆனால் வசதி படைத்தோரை விலக்கும் கிரீமி லேயர் முறையை நம் மக்களுக்கும் பொருத்தலாம் என்ற கருத்தையும் உடன் வைத்தது. தீர்ப்பு, திருத்தம், மீண்டும் தீர்ப்பு என இவ்வுரையாடல் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

தமிழகத்தின் 69 விழுக்காட்டைக் காக்க 1993-இல் இயற்றப்பட்ட சட்டம், 1994-இல் 76-ஆவது திருத்தத்தால் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டது. 1973 ஏப்ரல் 24-க்குப் பின் அவ்வட்டவணையில் சேர்ந்த சட்டங்களையும் அடிப்படைக் கட்டமைப்பின் அளவுகோலால் ஆராயலாம் என 2007-இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்துள்ளனர் என்பதையும் நாம் அறிந்திருத்தல் நலம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்

தீண்டாமையை ஒழித்த 17-ஆவது பிரிவிற்கு வலுவூட்ட 1955-இலும் 1989-இலும் சட்டங்கள் வந்தன. 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு முன் ஜாமீனைத் தடை செய்கிறது. தீண்டாமைக் கொடுமை தனி இயல்புடைய குற்றம். வெளியே விடப்பட்டவன் பாதிக்கப்பட்டோரை மிரட்டக் கூடும் என்பதால் அத்தடை செல்லும் என 1995-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று.

ஆனால் 2018 மார்ச் 20-இல் ஈருறுப்பினர் அமர்வு ஒன்று, சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது எனக் கருதி, வழக்குப் பதியுமுன் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் எனவும், கைதுக்கு முன் மேலதிகாரியின் அனுமதி வேண்டும் எனவும், முன் ஜாமீனுக்கு முழுத் தடை இல்லை எனவும் ஆணையிட்டது. ஏப்ரல் 2-இல் நாடெங்கும் நம் மக்கள் வீதிக்கு வந்தனர். வட மாநிலங்களில் பலர் உயிர் நீத்தனர். அவ்வாண்டிலேயே நாடாளுமன்றம் 18-அ பிரிவைச் சேர்த்துச் சட்டத்தின் வலிமையை மீட்டது. 2019 அக்டோபர் 1-இல் நீதிமன்றம் தன் முந்திய ஆணைகளைத் தானே திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் 18-அ பிரிவையும் ஏற்றது. 1951-இல் கற்ற பாடம் 2018-இல் மீண்டும் மெய்ப்பிக்கப்பட்டது.

சான்று இல்லாத உண்மை

தோற்ற வழக்கு ஒன்றையும் நோக்குவோம். சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்து வாழ்ந்த சூசை என்பவர் ஆதிதிராவிடக் கிறித்தவர். செருப்புத் தைப்போருக்கு அரசு இலவசமாக அளித்த கடைப் பெட்டி, கிறித்தவர் என்ற காரணத்தால் அவருக்கு மறுக்கப்பட்டது. இந்து அல்லது சீக்கிய மதத்தினர் மட்டுமே அன்று தாழ்த்தப்பட்டோர் பட்டியலுக்கு உரியவராயிருந்தனர். 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே கடுமையுடன் தொடர்கிறது என்பதைக் காட்டப் போதிய சான்று இல்லை எனக் கூறி, 1985-இல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது.

தெருவில் நாம் கண்ணால் காணும் உண்மை, நீதிமன்றத்தில் ஏட்டில் எழுதப்பட்டால் ஒழிய உண்மையாகாது. எத்தனை பேர், எந்த ஊர், எந்தத் தொழில், எந்த அலுவலகத்தில் எத்தனை இடம் காலி என்னும் கணக்கே அங்கே பேசும். 2006-இன் நாகராஜ் தீர்ப்பும் இதனையே கேட்டது.

இக்கணக்கு நமக்குள்ளேயும் கேட்கப்படுகிறது. பட்டியலினத்தாரை உட்பிரிவு செய்யலாகாது என 2004-இல் ஆந்திர வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழகத்தில் 18 விழுக்காட்டினுள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு தரும் சட்டம் 2009-இல் வந்தது. 2024 ஆகஸ்ட் 1-இல் ஏழு நீதிபதிகள், அறுவருக்கு ஒருவர் என்ற அளவில், உட்பிரிவு செய்யலாம் எனப் பழைய தீர்ப்பை மாற்றினர். இதுபற்றி நம்மிடையே மாறுபட்ட கருத்துகள் உண்டு. மாறுபடுவோர் பகை கொள்ளாது, தீர்ப்பைப் படித்து, கணக்கை முன்வைத்துப் பேசுதலே உடன்பிறந்தார்க்கு அழகு.

இளைஞர் கடன்

தீர்ப்பை எழுதுவோர் மனிதரே. அவ்விருக்கையில் நம்மவர் அமர நெடுங்காலம் ஆயிற்று. நம் தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி ஏ. வரதராசன், 1980-இல் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஆனார். குடியரசு பிறந்து அப்போது 30 ஆண்டுகள் கடந்திருந்தன. 2007-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் இந்தியத் தலைமை நீதிபதியானார், 2025-இல் பி.ஆர். கவாய் அப்பதவியை வகித்தார். 75 ஆண்டுகளில் இருவர்! உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் நியமனத்தில் இட ஒதுக்கீடு இல்லை என்பதையும் இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆதலின், இளைஞர்களே! சட்டம் பயிலுங்கள். பயிலாதவரும் அரசியல் சட்டத்தின் 14 முதல் 17 வரையுள்ள பிரிவுகளையாவது தமிழில் படித்து, வீட்டில் உள்ளோர்க்கு எடுத்துரையுங்கள். தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்துள்ளது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவை அணுகத் தயங்கற்க. கொடுமை நிகழ்ந்தால் நாள், நேரம், இடம், சொன்ன சொல் ஆகியவற்றை அன்றே எழுதி வைத்துப் புகார் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். எழுதி வைத்தது நிற்கும்.

அரசியல் சட்டம் நமக்குக் கிடைத்தது ஒரு மாமனிதரின் உழைப்பால். அதன் பொருள் ஒவ்வொரு தலைமுறையிலும் நீதிமன்றங்களில் புதிதாய் எழுதப்படுகிறது. அவ்வெழுத்து எழுதப்படும் அவையில் வழக்காடுவோராகவும், சான்று கொணர்வோராகவும், தீர்ப்பு வழங்குவோராகவும் நம் பிள்ளைகள் இருத்தல் வேண்டும். கல்விச் சங்கம் தொடங்கியவர்கள் கண்ட கனவும் அதுவே. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அக்கனவை நனவாக்க உறுதி பூணுவோமாக!